சாவி கேட்டாளா

மூன்றாம் பகுதி ஆட்டத்துக்கு விசில் ஊதி ஐந்து நிமிஷமாகியும் பந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, காலில் கட்டிய பேடுகளின் கனத்தோடு, ஹெல்மெட்டின் கம்பிகளுக்கு உள்ளேயிருந்து மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள் சண்முகக்கனி. எதிர்க்கோடியில் நீலச் சட்டைகளும் பச்சைச் சட்டைகளும் ஒரு புழுதி உருண்டைக்குள் முட்டிக்கொண்டிருந்தன. நீலம் அவள் பள்ளி. ரெண்டுக்குப் பூஜ்யம். ரெண்டும் ரூபாவதி போட்ட கோல்கள். மண்டல அளவில் ஹாக்கி இறுதிப் போட்டி, ஜெயித்தால் மாவட்டம், மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் சாமியானா நிழலில் நாற்காலி போட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். தோற்கிற ஆட்டமாக இருந்தால் கோல் கீப்பருக்கு யோசிக்க நேரமிருக்காது. பந்து வரும், உதைக்கலாம், விழலாம், எழுந்து மறுபடி நிற்கலாம். ஜெயிக்கிற ஆட்டத்தில் சும்மா நிற்க வேண்டும். நின்றால் நினைப்பு வருகிறது. ஹெல்மெட்டுக்குள் எத்தனையோ வருஷத்துப் பிள்ளைகளின் வியர்வையும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து புளித்த வாடை. பள்ளிக்கு இருப்பதே இந்த ஒரு ஹெல்மெட்தான். தாடைக்குக் கீழே வார் அறுத்தது. அவள் வலது கண்ணை மூடினாள். மைதானம் தட்டையாகிப்போனது, சுவரில் ஒட்டிய படம் மாதிரி, யார் முன்னே யார் பின்னே என்று தெரியவில்லை. திறந்தாள். மறுபடி மூடினாள். இரண்டு நாளாக வந்திருக்கிற பழக்கம் இது.

வாரத்தை முதலிலிருந்து அடுக்கிப் பார்த்தால் எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை, கணக்கில் விடை தப்பினால் முதல் வரியிலிருந்து பார்ப்போமே அப்படி. திங்கட்கிழமை காலையில் இயற்பியல் அலகுத் தேர்வு, கூலூம் விதி, மூன்று மதிப்பெண் கேள்வி ஒன்றை விட்டுவிட்டாள். மத்தியானம் வேதியியல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரிசை. நாலு மணிக்குப் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் பி.டி. சார் தவமணி அவளைக் கூப்பிட்டு, ரெண்டு மூணு நாளைக்குக் கூட்டம், கடிதம் என்று அலைச்சல் இருக்கிறது, நான் வர முன்னே பின்னே ஆகும், நீயே திறந்து எடுத்துக் கொடு என்று விளையாட்டு அறை பீரோ சாவியைக் கொடுத்தார். மட்டைகளும் பழைய பந்துகளும் சாக்கில் வெளியே கிடக்கும். பேடுகள் ஆணியில் தொங்கும். ஹெல்மெட்டும் புதுப் பந்துகளும்தான் பீரோவுக்குள். ப்ளஸ் டூ படிக்கிறவள், அணித்தலைவி, பொறுப்பான பிள்ளை. அப்படித்தான் அவளை எல்லோரும் சொல்வார்கள். அறிவியல் கண்காட்சியா, கனியைக் கூப்பிடு. பேச்சுப் போட்டியா, கனி. காலை வழிபாட்டில் உறுதிமொழி வாசிக்கிற பிள்ளை வரவில்லையா, கனி எங்கே. சாவியை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டாள். செவ்வாய்க்கிழமை பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டிக் கண்காட்சிக்கு மாதிரி செய்தாள், பசை விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது, நாலு மணிக்குப் பீரோவைத் திறந்தாள், ஆறு மணிக்குப் பூட்டினாள், அப்புறம் உயிரியல் சிறப்பு வகுப்பு. ஆரம்பப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மாவுக்கு மகள் டாக்டராக வேண்டும். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் அதற்கும் தனியாக இடம் உண்டு என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, “எதையும் விட்றாதட்டி” என்பாள், தினமும், தலை பின்னுகிற நேரத்தில். கனி எதையும் விடவில்லை. புதன்கிழமை காலையில் ஆங்கிலத் தேர்வு, மத்தியானம் கண்காட்சிக்கு நடுவர்கள், நாலேகாலுக்குத் தமிழம்மா ஆட்டோவை வாசலில் நிறுத்திக்கொண்டு நின்றார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி, மழைநீர்ச் சேமிப்பு, ஐந்து நிமிஷம். ஓடினாள். தோளில் பை, பைக்குள் பாக்ஸ், பாக்ஸுக்குள் சாவி. இங்கே வந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. மறந்துபோச்சு. அவ்வளவுதான். இத்தனையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினால் யாருக்கும் மறக்கும். யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். கனி இல்லாத நாளில் கோலில் நிற்பது பேச்சித்தாய். ஒன்பதாம் வகுப்பு. பேடு தொடை வரைக்கும் ஏறிவிடும், தாரா வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடப்பாள், மற்றவர்கள் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிப்பாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள், அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். கனி ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கிற நேரமெல்லாம் பக்கத்தில் வந்து நிற்பாள். அதைத் துடைத்து வைக்கிற வேலையை யாரும் சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். “நீங்க காலேஜுக்குப் போனதும் இது எனக்குத்தானக்கா” என்று ஒருநாள் கேட்டாள். புதன்கிழமை அவள் வெறுந்தலையோடு நின்றாள். ரூபாவதி கோலுக்கு முன்னாலுள்ள டி வட்டத்தின் விளிம்பிலிருந்து அடித்தாள். பந்து தரையோடுதான் போனது. பேச்சித்தாய் மட்டையை வைத்தாள், மட்டையின் வளைவில் ஏறிப் பந்து மேலே எழும்பி வலது கண்ணில். சத்தமே வரவில்லை என்று ஒருத்தி சொன்னாள். ஈரத்துணியைத் தரையில் போட்டாற்போலச் சத்தம் வந்தது என்று இன்னொருத்தி. ஐந்தடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. அந்த நேரம் கனி மேடையில் நின்று மூன்றாவது கருத்துக்கு வந்திருந்தாள், நடுவர் மணியடிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பரிசு, எவர்சில்வர் தட்டு. வீட்டுக்கு வந்து அந்தத் தட்டிலேயே சாப்பிட்டாள். அம்மா போட்ட மூன்றாவது தோசையையும் சாப்பிட்டாள். அந்த நேரம் பேச்சித்தாயை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும். வியாழன் காலை பள்ளி வாசலில் சொன்னார்கள். தோசை அப்போதுதான் தொண்டைக்கு வந்தது.

வியாழக்கிழமை சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் தவமணி சார் நின்றிருந்தார். ராத்திரி முழுக்க மதுரையில் இருந்துவிட்டு விடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றவில்லை, தோளில் பழுப்பாக ஒரு கறை. அவர் கேட்காமலே அவள் பாக்ஸைத் திறந்து சாவியைக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வாங்கி, அவளைப் பார்க்காமல், வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சாவி உங்கிட்ட இருந்ததை நான் யார்ட்டயும் சொல்லல. நீயும் சொல்ல வேண்டாம். ஹெச்.எம். கேட்டாங்க. ஹெல்மெட் பெரிசா இருக்கு, வெக்கையா இருக்குன்னு அந்தப் பிள்ளையே போட மாட்டேன்னுருச்சுன்னு சொல்லிருக்கேன். நாளைக்கு மேட்ச், அதப் பாரு.”

“சரி சார்” என்றாள். அந்த இரண்டு வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன்’ சொல்வது மாதிரி வந்தது. சார் கெட்டவரில்லை. பிள்ளைகளுக்குக் காலில் கொப்புளம் வந்தால் தானே உட்கார்ந்து பஞ்சு வைத்துக் கட்டுகிறவர். பயந்துபோன மனுஷன் எப்படி இருப்பார் என்பதை அவள் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தாள், கழுத்து நரம்பு தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பீரியட் கணிதத் தேர்வு. நேர்மாறு அணி காண்க. கண்டாள். எல்லாக் கேள்விக்கும் எழுதினாள், பத்து நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டாள், கை அதுபாட்டுக்கு எழுதியது. இப்படி எழுத முடிகிறதே என்றுதான் அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. மிச்சமிருந்த நேரத்தில் வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள். எழுத்து தெரிந்தது. அப்படியொன்றும் மோசமில்லை, ஒரு கண்ணாலும் படிக்கலாம், எழுதலாம் என்று தோன்றியது. தோன்றியதும் கையை எடுத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டில் கைக்குட்டையை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்தாள். தம்ளர் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. தண்ணீர் தரையில் போனது. மறுபடி சாய்த்தாள், மறுபடியும் தரையில். அம்மா உள்ளேயிருந்து வந்து, கண்ணுக்கு என்னட்டி, தூசியா என்று கேட்டாள். அப்புறம், ஒம்பதாப்புப் பிள்ளை ஒண்ணுக்குக் கண்ணுல அடியாமே, நீ அந்தத் தலைக்கவசம் போட்டுத்தானே நிக்கிற என்றாள். ஆமா. அந்தப் பிள்ளை ஏன் போடலயாம்? அடுப்பில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. “போட மாட்டேன்னுட்டாளாம்” என்றாள் கனி. சார் சொன்ன பொய் அவள் வாயிலிருந்து முதல் தடவையாக வந்தது. தடுக்கவே இல்லை, வழுவழுவென்று வந்தது. என்ன பிள்ளையோ, சொன்னாக் கேக்குதுகளா என்று அம்மா கரண்டியோடு திரும்பிப் போய்விட்டாள். பேச்சித்தாய் சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை ஆகிப்போனாள், அவளைப் பார்த்தே இராத ஒரு வீட்டில், ஒரு நொடியில்.

கத்தினார்கள். கனீ என்று யாரோ அலறினார்கள். நீலச் சட்டைகள் எல்லாம் அந்தப் பக்கம் கிடக்க, பச்சைச் சட்டை ஒன்று தனியாகப் பந்தை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. கனியின் வலது கண் மூடியிருந்தது. திறந்தபோது அந்தப் பெண் வட்டத்துக்குள் இருந்தாள். கனி முன்னால் ஓடினாள், அரை நொடி பிந்தி, பந்து அவள் இடது பேடுக்கும் கம்பத்துக்கும் இடையில் போய்க் கோலின் அடிப்பலகையில் டொக்கென்று மோதியது. ரெண்டுக்கு ஒன்று. விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் ஒரு நிமிஷம் கிடந்தாள். மண் சூடாக இருந்தது. முகத்துக்கு நேரே ஒரு விரல் தூரத்தில் கம்பிகள், கம்பிகளுக்கு அப்பால் சரளைக் கற்கள். இப்படியே கிடக்கலாம் போல இருந்தது. நடுவர் வந்து, அடிபட்டதா என்று கேட்டார். இல்லை. அடி யாருக்கு என்று சொல்லவா. இல்லை சார், ஒண்ணுமில்ல சார். எழுந்தாள்.

மூன்றாம் பகுதி முடிந்து இடைவேளை இரண்டு நிமிஷம். எல்லோரும் சாரைச் சுற்றி நின்றார்கள். சார் கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டிப் பேசினார், யார் பின்னால் நிற்க வேண்டும், யார் ஏறக்கூடாது. கனியைப் பார்த்து மட்டும், முழிச்சிக்கிட்டு நில்லும்மா என்றார் மெதுவாக. அவர் கையில் போன் இருந்தது. காலையிலிருந்தே அது சட்டைப் பைக்கும் கைக்குமாக அலைகிறது. மத்தியானம் கண் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்களாம். கட்டைப் பிரிப்பது என்றால் என்ன, முதலில் பிளாஸ்திரியைக் கிழிப்பார்கள், அப்புறம் பஞ்சு, பஞ்சு ஒட்டிக்கொண்டு வருமா, அப்புறம் டார்ச் அடித்து, வெளிச்சம் தெரியுதா தாயி என்று கேட்பார்கள், பேச்சித்தாய் தெரியாவிட்டாலும் தெரியுது என்றுதான் சொல்வாள், பெரியவர்கள் கேட்டால் அப்படிச் சொல்லும் பிள்ளை அவள். ரூபாவதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இரண்டு நாளாக அவள் யாரோடும் பேசவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து கனியோடு ஒரே பெஞ்சில் இருப்பவள். இன்றைக்குப் போட்ட இரண்டு கோலுக்கும் அவள் சிரிக்கவில்லை, பந்தைக் கொல்லப்போகிறவள் மாதிரி அடித்தாள். பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “இதோட மட்டையைத் தொட மாட்டேன் கனி. என் கைதான, நாந்தான அடிச்சேன்” என்றாள். கனியின் வாயில் தண்ணீர் இருந்தது. இல்லட்டி, உன் கை இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் தண்ணீரை விழுங்கினாள். விழுங்கி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

கடைசிப் பதினைந்து நிமிஷம். பச்சைச் சட்டைகள் நெருக்கி ஆடினார்கள், ஆனாலும் பந்து நடுக்கோட்டைச் சுற்றியே கிடந்தது. நாளைக்குச் சனிக்கிழமை, நீட் வகுப்பு, தாவரவியல் நாலாவது பாடம். திங்கட்கிழமை வேதியியல் தேர்வு. செவ்வாய்க்கிழமை கண்காட்சி மாவட்ட அளவில், குழாய் ஒழுகுகிறது, மறுபடி ஒட்ட வேண்டும். வாரம் வந்துகொண்டே இருக்கும். அடுத்த வாரத்துக்கு இந்த வாரம் பழசு. அதற்கடுத்த வாரத்தில் யாரும் இதைப் பேச மாட்டார்கள், ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ச்சியாக ஆப்சென்ட் விழும், அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை. புதன்கிழமை வகுப்பிலிருந்து கிளம்பினாள், மரத்தடியைத் தாண்டினாள், வாசலுக்கு வந்தாள். யாரும் கேட்கவில்லை. ஆட்டோவுக்குள் தமிழம்மா ஓரத்தில், கனி பையை மடியில் வைத்துக்கொண்டாள், வாய்க்குள் முதல் பத்தியைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவையோரே, நடுவர் பெருமக்களே, வானம் தருவதை மண் வாங்கிக்கொள்ள மறுக்கிறது, ஏன். அந்த ‘ஏன்’ இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் சத்தம் கேட்டது. பேடு கட்டிய காலோடு ஓடி வருகிற தப்பு தப்பென்ற சத்தம். கேட்கவில்லை என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நேற்று அம்மாவிடம் பொய் சொன்னதற்கு முன்னாலேயே தனக்குத் தானே சொல்லிவிட்டாள், அது அவ்வளவு உறுதியாகச் சொல்லப்பட்டிருந்ததால் அவளே நம்பிவிட்டாள். பேச்சித்தாய் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. “அக்கா, பீரோ சாவி” என்றாள். சாவி மடியில் இருந்தது. பை, பாக்ஸ், சாவி. ஜிப்பைத் திறக்க வேண்டும், மேலே ரெக்கார்டு நோட்டு, அதை எடுக்க வேண்டும், அடியில் பாக்ஸ், அதைத் திறந்தால் காம்பஸும் பென்சிலும் சிதறும், அரை நிமிஷம் ஆகும். அரை நிமிஷத்தில் முதல் பத்தி கலைந்துவிடும். “சார்கிட்ட இருக்கு, போ” என்றாள் கனி. மறதியில்லை. தெரிந்து சொன்னாள். பேச்சித்தாய் சரிக்கா என்றாள். கம்பியிலிருந்து கையை எடுத்தாள், ஆட்டோ புறப்பட்டது. அவள் அப்புறம் சாரிடம் போயிருப்பாள். சார் சட்டைப் பையைத் தடவியிருப்பார், கனிகிட்டதானே குடுத்தேன், போயிட்டாளா, சரி விடு, ஒரு நாள்தானே, மெதுவா அடிக்கச் சொல்றேன் என்றிருப்பார். இரண்டு பேரிடம் கேட்டாள் அந்தப் பிள்ளை. இரண்டு பேரும் பெரியவர்கள். அதற்குமேல் யாரிடம் கேட்பாள்.

பச்சைக்குப் பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டார்கள். எதற்கென்று அவள் பார்க்கவில்லை. கோட்டின்மேல் அவளும் நாலு பேரும் நின்றார்கள், அவளுக்கு வலப்பக்கம் ரூபாவதி. வட்டத்தின் விளிம்பில் பச்சைச் சட்டைகள் குனிந்து காத்திருந்தன. எத்தனை நிமிஷம் இருக்கு என்று யாரோ கேட்க, ஒண்ணு, ஒண்ணரை என்றாள் ஒருத்தி. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும், அடிக்கிறவளின் மட்டையை, முகத்தையல்ல. ஓரத்திலிருந்து பந்து தள்ளப்பட்டது, நிறுத்தப்பட்டது, நெட்டையான ஒரு பெண் முதுகை வளைத்து வீசினாள். தரையோடு வந்தது. கனி வலது பேடைக் கொண்டுபோனாள், அதற்குள் நடுவில் யாருடைய மட்டையோ பட்டது, பந்து தெறித்து எழும்பியது, வெள்ளையாக, நேராக, பெரிதாகிக்கொண்டே. அவள் இரண்டு கண்களையும் திறந்து வைத்திருந்தாள். மூட நேரமில்லை. மண்டைக்குள் வெண்கலப் பாத்திரத்தைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம். தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது. பந்து காலடியில் கிடந்தது, ரூபாவதி அதை ஓங்கி வெளியே அடித்தாள். யாரெல்லாமோ கைதட்டினார்கள். கனி நின்ற இடத்திலேயே நின்றாள். வலது கண்ணுக்கு நேரே கம்பியில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. கண் துடித்தது, நீர் வந்தது, ஆனால் இருந்தது. மைதானம் தெரிந்தது, சாமியானா தெரிந்தது, நோட்டில் ஏதோ எழுதுகிறவரின் சொட்டைத் தலைகூடத் தெரிந்தது. வலிக்கவே இல்லை. எங்கேயும் வலிக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒரு துளி ரத்தமாவது வந்திருக்கலாம். இவ்வளவுதானா, இந்தக் கம்பி இருந்திருந்தால் இவ்வளவுதானா, ஒரு சத்தம், ஒரு பொட்டு பெயின்ட், அப்புறம் கைதட்டல், வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு. கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நீண்ட விசில். பிள்ளைகள் ஓடிவந்து அவள்மேல் விழுந்தார்கள். எவளோ ஹெல்மெட்டைத் தட்டினாள். பச்சைச் சட்டைகள் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள், நெட்டைப் பெண் ஸாரி என்றாள். சாமியானாவிலிருந்து ஒருவர், பேரென்னம்மா என்று கேட்டார். சண்முகக்கனி. இனிஷியல்? எம். பிறந்த தேதி? சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைதானத்து வேப்பமரத்தடியில் சார் போனைக் காதில் வைத்து முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்தாள். அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள் இறங்கியது. ஒரு கையால் மரத்தைத் தொட்டுக்கொண்டார். அப்புறம் திரும்பி, நேரே கனியிடம் வந்தார்.

“கட்டைப் பிரிச்சிட்டாங்களாம்” என்றார். “வலது கண்ணு போச்சு. இனி வராதாம்.” பிறகு, “அந்தப் பிள்ளை உங்கிட்ட பேசணுமாம்” என்று போனை நீட்டினார்.

கனி ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள். முதலில் இரைச்சல், யாரோ வார்டு நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். அப்புறம் பேச்சித்தாயின் குரல், எப்போதும் போலத்தான் இருந்தது.

“அக்கா, ஜெயிச்சாச்சா?”

“ம்.”

“எத்தனைக்கு?”

“ரெண்டுக்கு ஒண்ணு.”

“ஒண்ணு எப்படிக்கா விட்டீங்க?” என்றாள். பேச்சித்தாய் குரலைத் தணித்துக்கொண்டாள். “அக்கா, நாந்தான் ஹெல்மெட் வேண்டாம்னேன்னு சார் ஆம்புலன்ஸ்ல வச்சு சொல்லச் சொன்னாக. அப்படியே எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். சாவியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நீங்க பயப்படாதீங்க.”

சார் நாலடி தள்ளி நின்றார். ரூபாவதி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள், அவள் முகம் கேள்வியாக இருந்தது. கனி, அம்மாகிட்ட குடு பேச்சி என்றாள். எதுக்குக்கா என்றாள் பேச்சித்தாய், பயந்துபோய். குடு. போன் கைமாறியது. அந்த அம்மாவிடம் கனி சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை, முன்னும் பின்னுமாக, ஆட்டோ, சாவி, சார்கிட்ட இருக்குன்னு நான் சொன்னது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. ரூபாவதியின் மட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததை மட்டும் கேட்டாள். சார், “கனி, போனக் குடும்மா” என்று கையை நீட்டினார். அவள் திரும்பி நின்றுகொண்டாள். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை.

பிறகு பேச்சித்தாயின் அம்மா, தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். “அவ அப்பா நேத்து அவளை அடிச்சிட்டாரு தாயி. ஆஸ்பத்திரியில வச்சே. குடுத்ததப் போட்டா என்னட்டின்னு முதுகுல வச்சாரு. அவ வாயத் திறக்கல.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “நான் சொன்னா மகளுக்குப் பரிஞ்சு பேசுதேன்னுவாரு. நீயே சொல்லுதியா?”

கனி சொல்கிறேன் என்றாள். செருப்புகள் நடந்தன, ஏதோ கதவு திறந்து மூடியது, வண்டிச் சத்தம் கேட்டது, ஒரு டீக்கடைப் பாய்லரின் சீறல் கேட்டது. இந்தாங்க, பள்ளிக்கூடத்துலருந்து என்றது அந்த அம்மாவின் குரல்.

“யாரு?” என்றார் பேச்சித்தாயின் அப்பா. தூங்காத ஆளின் குரல்.

கனி பேரையும் வகுப்பையும் சொன்னாள். “உங்க பிள்ளை எங்கிட்ட ஹெல்மெட்டுக்குச் சாவி கேட்டா” என்றாள். “நாந்தான் குடுக்கல.”

வைத்துவிடுவார் என்று நினைத்தாள், வைத்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தாள். அவர் வைக்கவில்லை.

“இரு” என்றார். “உக்காந்துக்கிடுதேன். முதல்ல இருந்து சொல்லு.”